பெட்டிக்குள் பெட்டி

கியூம்ரியில் பிப்ரவரி.
டயர்க் கடைக்கு மேலே ஓர் அறை,
எட்டுப் பழைய கணினிகள், ஒரே ஒரு ஹீட்டர்.
அதை ஒட்டி உட்கார
நான்கு பேர் முன்னதாகவே வந்துவிடுவார்கள்.
நான் எப்போதும் ஐந்தாவது.
காலுறை ஆலையில் ஷிப்ட் முடியவே ஆறு மணி.

"இணையப் பக்கத்தில் எல்லாமே பெட்டிதான்" என்றான் விகென்.
பத்தி ஒரு பெட்டி, படம் ஒரு பெட்டி,
பொத்தான்கூட ஒரு பெட்டி,
அவற்றை வைக்க இன்னொரு பெட்டி.
நான் சிரித்துவிட்டேன்.
பக்கத்து நாற்காலி ஹ்ரிப்சிமேயும்.
ஊர் இடிந்தபோது எங்களுக்கு ஏழு வயது.
ரயிலில் வந்திறங்கிய இரும்புப் பெட்டியில்
பதினாறு வருடம் குடியிருந்தவளுக்கு
பெட்டி என்றால் என்னவென்று
பாடம் நடத்துகிறது பிள்ளை.

உள்ளே பேடிங்:
பொருளுக்கும் சுவருக்கும் நடுவே விடும் காற்று.
எங்கள் பெட்டியில் அது பூஜ்யம்.
கட்டில் தகரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும்.
காலையில் உறைந்துபோன போர்வையைச்
சுவரிலிருந்து பிய்த்தெடுப்போம்.

அப்புறம் பார்டர்.
ஒரு பிக்சல், கறுப்பு, திடமான கோடு
என்று எழுதினால் வந்துவிடுகிறது.
ஊருக்கு மேற்கே இருப்பதை வரைய
இதைவிட நிறைய எழுதியிருப்பார்கள்.
அழிக்க இன்னும் நிறைய எழுதவேண்டியிருக்கும்.

வெளியே மார்ஜின்.
மேல்பெட்டியின் மார்ஜினும் கீழ்ப்பெட்டியின் மார்ஜினும்
சந்தித்தால் கூட்டிக்கொள்ளாதாம்,
பெரியது மட்டும் நிற்குமாம்.
"என் மாமியாரும் நானும்" என்றாள் ஹ்ரிப்சிமே,
குறிப்பேட்டிலிருந்து தலை தூக்காமல்.

மூன்றாம் வாரம் என் பெயரைத் தட்டினேன்.
நாஸெலி. எங்கள் எழுத்தில் ஆறு எழுத்து.
திரையில் ஆறு வெற்றுச் சதுரங்கள்.
நானும் பெட்டியாகிவிட்டேன் என்றேன்.
எழுத்துரு இல்லை, அவ்வளவுதான் என்று
விகென் ஒரு வரி சேர்த்தான்.
சதுரங்களுக்குள்ளிருந்து ஒவ்வொருவராக
வெளியே வந்தேன்.

அறைக்கு வாடகை கிடையாது.
பதிலுக்குக் கடைக்கு ஒரு பக்கம் வேண்டும்
என்று கேட்டிருந்தார் கீழ்க்கடை கரோ.
அந்த வேலை என் தலையில் விழுந்தது.
குளிர்காலச் சக்கரம் நான்கு, பொருத்துகூலி, தொலைபேசி.
"புதியது" என்ற ஒற்றைச் சொல்லைத் தடித்த எழுத்தாக்கினேன்.
அதற்குப் பின் எல்லாமே தடித்துப் போனது.
ஞாயிறு விடுமுறை என்பதை
சண்டைக்கு வருவதுபோல் அறிவித்தது பக்கம்.
ஒரு சாய்கோடு. மூடாமல் விட்டது.

ஆலையில் ஒரு நூல் அறுந்தால்
இயந்திரம் தானே நிற்கும், சிவப்பு விளக்கு எரியும்.
பிரவுசர் அப்படியில்லை.
திட்டாது, நிற்காது,
புரிந்த அளவுக்கு எதையோ காட்டிக்கொண்டு
போய்க்கொண்டே இருக்கும்.
அதனிடம் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது.

மார்ச்சில் ஒரு சின்னத் தேர்வு.
டிஸ்பிளே நன், விசிபிலிட்டி ஹிடன்:
இரண்டுமே மறைக்கும். என்ன வித்தியாசம்?
யாரும் பேசவில்லை. நான் சொன்னேன்:
என் வீட்டுக்காரர் மாமிகோன்
ஓம்ஸ்கில் கட்டட வேலை, ஆறு வருடம்.
மேசையில் மகனுக்கும் எனக்கும்
இரண்டு தட்டு வைத்தால் முதலாவது.
மூன்று வைத்தால் இரண்டாவது.

ஹீட்டர் மட்டும் டிக் டிக்கென்றது.
"சரி" என்றான் விகென்.
"ஆனால் அரைப்புள்ளி எங்கே வரும் என்று சொல்லவில்லை.
அரை மதிப்பெண்."

கடைசியில் மிஞ்சியது அந்தப் பொத்தான்.
"இப்போதே அழையுங்கள்."
அதை நடுவில் நிறுத்த இரண்டு மாலை போயிற்று.
ஒரு தடவை மேலே ஒட்டிக்கொண்டது,
ஒரு தடவை திரைக்கு வெளியே போய்விட்டது,
ஒரு தடவை நடுவில்தான் இருந்தது,
ஆனால் வேறு எதற்கோ நடுவில்.
கடைசியாக அசையாமல் நின்றபோது
ஸ்கேல் வைத்து இரண்டு பக்கமும் அளந்தேன்.

கரோ கையைத் துடைத்துக்கொண்டு
தன் போனில் திறந்து பார்த்தார்.
விரலால் தள்ளினார், மேலே, கீழே.
உள்ளே போய்க் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தார்.
"நல்லா இருக்கு" என்றார்.
"இந்தப் பொத்தானைக் கொஞ்சம்
இடதுபக்கம் தள்ள முடியுமா?"

படியேறினேன்.
அன்றைக்கு ஆலையில் மின்சாரம் இல்லை,
சீக்கிரமே விட்டிருந்தார்கள்.
ஹீட்டர் பக்கத்து நாற்காலி
காலியாக இருந்தது.